திருமதி குமாரசாமியின் சம்மதம்

டப்.

நினைவு தெரிந்து வாஞ்சிநாதன் முதலில் கேட்ட சத்தம் அதுதான். தென்காசி வீட்டில் அவன் அம்மா அபயாம்பாள் வெற்றிலைப் பெட்டியை மூடுகிற சத்தம். பெட்டி மூடிவிட்டால் வழக்கு முடிந்தது. அப்பா குமாரசாமி, பேசத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொள்வார்.

அந்தச் சத்தத்தை அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான் வாஞ்சி. மனைவி ஜலஜா எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "அம்மாவைக் கேக்கணும்." கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா? அம்மா. வேலைக்கு அப்ளை பண்ணட்டுமா? அம்மா. ஞாயிற்றுக்கிழமை போனில் இதில் ஒன்றைக்கூட அவன் அம்மாவிடம் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஒரு சனிக்கிழமை. எதிர் வீட்டு நோரா ஆன்ட்டி இவர்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ரிடையர் ஆன லைப்ரரியன். எழுபத்திரண்டு வயது. உறவென்று சொல்ல ஒரு பூனை. தாத்தா பேட்ரிக் பிறந்த அயர்லாந்து ஊரின் சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டை மைக்ரோஃபில்மில் தேடிப் பிடித்து நகல் எடுத்து வந்திருந்தார். மே மாதம் நேரில் போய்க் குடும்பக் கல்லறையில் தாத்தாவின் அம்மா பெயரைப் பொறிக்க வேண்டும். வீட்டில் காலங்காலமாகச் சொன்ன பெயர் பிரிஜிட். ஆறு பிள்ளைகளில் ஐந்து பேருக்குத் தாய் பிரிஜிட் என்றே எழுதியிருந்தது. பேட்ரிக்குக்கு மட்டும் ஹொனோரா.

"அப்படியானால் என் தாத்தா யார் பிள்ளை?" என்றார் நோரா.

வாஞ்சிநாதன் மருந்துக் கம்பெனி ஒன்றில் டேட்டா சரிபார்க்கிறவன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ரெக்கார்ட் இஸ் ரெக்கார்ட், ஆன்ட்டி. எழுதினது எழுதினதுதான். உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு இன்னொரு சம்சாரம் இருந்திருக்கு."

நோராவின் அழுகை ஒரு கட்டை ஏறியது.

"என்னங்க, வாயைக் கொஞ்சம் சும்மா வச்சுக்கறீங்களா?"

"நான் ஃபேக்ட் சொல்றேன் ஜலஜா."

"நல்லா சொன்னீங்க ஃபேக்ட்டு! இந்த வயசுல தாத்தாவைப் பறிகொடுத்துட்டு நிக்கறாங்க." ஜலஜா நகல்களைத் தன் பக்கம் திருப்பினாள். "ஆன்ட்டி, இந்தப் பக்கத்துல, ஞானஸ்நானத்துக்குக் கூட நிக்கற ஞானத்தாய் கட்டத்துல யார் பேர்?"

"பிரிஜிட்."

"பெத்தவளே தன் பிள்ளைக்கு ஞானத்தாயா நிக்க முடியுமா?"

நோரா கண்ணைத் துடைத்தார். "முடியாது."

"மத்த பிள்ளைங்களுக்கு யார் நின்னது?"

தாள்கள் சரசரத்தன. இரண்டு பிள்ளைகளுக்கு ஞானத்தாய், ஹொனோரா.

"அவ்வளவுதான். சித்தியோ அத்தையோ. பெத்தவ பேரையும் கூட நின்னவ பேரையும் ஃபாதர் கட்டம் மாத்தி எழுதிட்டார். குளிர்ல கை விறைச்சிருக்கும், பாவம். பாளையங்கோட்டை கான்வென்ட்ல சிஸ்டருங்ககிட்ட பத்து வருஷம் படிச்சவ நான். எனக்கே தெரியுது."

"ஒரு பாதிரியார் கட்டம் மாத்தி எழுதுவாராடி?"

"ஏன், நீங்க எழுதலையா?"

எழுதியிருந்தான். பாஸ்போர்ட் மனுவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்துத் திகைத்து, தன் இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டுவிட்டான். அமெரிக்கா வந்து இறங்கியதும் அவன் மிஸ்டர் குமாரசாமி. ஜலஜா மிஸஸ் குமாரசாமி. மாமனார் பெயரை வாயால் சொல்லாத குடும்பத்து மருமகள். போனில் யாராவது பெயர் கேட்டால் கே, யூ, எம் என்று எழுத்தெழுத்தாக எண்ணிக் கொடுத்தே ஆறு வருஷம் ஓட்டிவிட்டாள்.

"இந்த ஊர் கணக்குப்படி நான் உங்க சம்சாரமே இல்ல. உங்க அம்மா."

"இருந்துட்டுப் போயேன்," என்றான் வாஞ்சி. "ரெக்கார்ட் இஸ் ரெக்கார்ட்."

நோரா இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். பிறகு ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மே மாதம் நீ என்னோடு வருகிறாய். இரண்டு வாரம். டிக்கெட் என்னுடையது."

ஜலஜாவின் முகத்தில் விளக்குப் போட்டாற்போல் ஆயிற்று. வாஞ்சிநாதனுக்கோ இரண்டு வாரத்து அடுப்பு கண்முன் வந்து நின்றது. முடியாது என்று ஆன்ட்டி முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. புன்னகை செய்தான்.

"எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் ஆன்ட்டி. மிஸஸ் குமாரசாமி எழுத்து மூலமா சம்மதம் குடுக்காம வீட்டுப் பொம்பளைங்க யாரும் பிரயாணம் போக மாட்டாங்க."

மனசுக்குள் பெட்டி மூடிக்கொண்டது. டப்.

"எழுத்து மூலமாகவா? எவ்வளவு நல்ல வழக்கம்!" நோரா லைப்ரரியன் அல்லவா? நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பேனாவைத் திறந்தார். இரண்டையும் ஜலஜாவின் முன்னால் நகர்த்தினார். "எழுதம்மா, மிஸஸ் குமாரசாமி."

"நோ, நோ, ஆன்ட்டி! மிஸஸ் குமாரசாமி என் அம்மா!"

நோரா ஜலஜாவைப் பார்த்தார். வாஞ்சியின் வழுக்கையைப் பார்த்தார். மறுபடி ஜலஜாவைப் பார்த்தார். "இவ்வளவு இளமையாகவா?"

"ஆமா ஆன்ட்டி," என்றாள் ஜலஜா, தேதி போட்டுக்கொண்டே. "ரெக்கார்ட் இஸ் ரெக்கார்ட்."

மறுநாள் ஞாயிறு. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக வாஞ்சிநாதன், ஆன்ட்டி சம்மதத்தை எழுத்தில் கேட்டதையும் சொல்லி, நிஜமாகவே அம்மாவைக் கேட்டான்.

"சம்மதம் எழுதிக் குடுத்தாச்சால?" என்றாள் அபயாம்பாள்.

"குடுத்தாச்சும்மா."

"யாரு குடுத்தா?"

"திருமதி குமாரசாமி."

"அப்பம் என்னய எதுக்குல கேக்க?"

ஏழு கடல் தாண்டி, தெளிவாகக் கேட்டது. டப்.

மே மாதம் கல்லறையில் பிரிஜிட் என்று பொறித்தார்கள். நோரா கல்லைத் தடவிக்கொண்டு நின்றபோது ஜலஜா குடை பிடித்தாளாம். பிளெய்ன்ஸ்பரோவில் அந்தப் பதினான்கு நாளும் வாஞ்சிநாதன் பூனைக்குச் சாப்பாடு போட்டான். பூனை டாக்டரின் பதிவேட்டில், பொறுப்பாளர் என்ற கட்டத்தில், நோரா தன் கைப்பட எழுதிவிட்டுப் போயிருந்தது இன்னும் அப்படியேதான் இருக்கிறது: மிஸஸ் குமாரசாமியின் மகன்.