பிளாக்ல வந்த பச்சோந்தி

அன்னிக்குக் காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஆபீஸ் வெப்சைட்ல இருக்கற பிளாக்ல ஒரு போஸ்ட் போடணும்.

மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல மாடுலர் கிச்சன் செய்யற சின்ன கம்பெனில வேலை பாக்கறேன். டிசைன் போடறது நான், போன் எடுக்கறது நான், பிளாக் எழுதறதும் நான்தான். ஒரு கிச்சன் முடிஞ்சா படத்தோட நாலு வரி எழுதி ஏத்தணும். நம்மகிட்ட கிச்சன் போட்டவங்க, போடலாமான்னு யோசிக்கறவங்க எல்லாருக்கும் அது மெயில்ல போயிடும்.

எழுத வேண்டிய விஷயம் பூரா ஏற்கனவே ஆபீஸ் சாஃப்ட்வேர்ல இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. சைட்டைப் பாத்துக்கற சேகர் அண்ணன் போன்லேருந்தே அதுல குறிப்பு எழுதுவாரு, போட்டோ போடுவாரு, வேலை ஆனதும் 'முடிஞ்சது'ங்கற கட்டத்துக்குத் தள்ளிடுவாரு. நான் அதை அங்கேருந்து எடுத்து இங்க ஒட்டுவேன்.

எடுத்து ஒட்டறதுக்கா நான் காலேஜ் படிச்சேன்?

ஒரு வீடியோ பாத்தேன். ரெண்டு சாஃப்ட்வேரையும் கோத்து விட்டுட்டா, வேலை தானா நடக்குமாம். "ஒரு தடவை செட் பண்ணிட்டு மறந்துடுங்க"ன்னாரு அந்த ஆளு. மறக்கறது எனக்குக் கை வந்த கலையாச்சே! உக்காந்துட்டேன்.

கார்டு 'முடிஞ்சது'க்குப் போனா, அதுல இருக்கறது அப்படியே பிளாக்ல போஸ்ட் ஆகணும். கடைசில "உங்கள் வீட்டுக்கும் இதுபோல் வேண்டுமா? இன்றே அழையுங்கள்!"னு தானா ஒரு வரி சேரணும். செஞ்சேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? யாராச்சும் பிளாக்ல கமென்ட் போட்டா, அது புது கார்டா சேகர் அண்ணனுக்குப் போற மாதிரியும் வெச்சேன். எங்கேருந்து வந்துதுன்னு அவருக்குத் தெரியணுமே! அதனால அந்த கார்டு மேல ஒரு லேபிள். அண்ணனுக்கு இங்கிலீஷ் ஆகாதுன்னு தமிழ்லயே 'பிளாக்'னு டைப் பண்ணேன். எவ்ளோ அக்கறை பாருங்க!

'நான் பாத்தப்புறம் வெளியிடு'ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. நானே பாக்கணும்னா அப்புறம் என்னாத்துக்கு ஆட்டோமேஷன்? 'உடனே வெளியிடு'ங்கறதை அமுக்கினேன்.

ஒரு கிச்சனை வெச்சு டெஸ்ட் பண்ணேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போஸ்ட் வந்துடுச்சு! முதலாளி சாரைக் கூப்ட்டுக் காமிச்சேன்.

"பரவால்லியேம்மா!"ன்னாரு. அவரு வாயிலேருந்து அது வர்றது அபூர்வம்.

அந்தக் குஷில சேகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, முடிஞ்ச வேலையெல்லாம் 'முடிஞ்சது'க்குத் தள்ளி விட்டுடுங்கண்ணே."

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும்ணே!"

சொல்லிட்டு லெமன் சாதம் டப்பாவைத் தொறந்தேன்.

பாதி சாப்பாட்டுல அண்ணன் போன். "ஏம்மா, 'சூப்பர்'னு ஒரு வேலை வந்திருக்குதே, எந்த சைட்டு?"

"என்னாது?"

"'சூப்பர்'னு மட்டும் போட்டிருக்கு. அட்ரஸ் இல்ல, அளவு இல்ல. எத்தினி அடி கிச்சன்மா?"

டப்பாவை மூடி வெச்சேன். பிளாக்கைத் தொறந்தேன்.

முதல் போஸ்ட்டோட தலைப்பு: 'ஆபீஸ் பாத்ரூம் குழாய் ஒழுகுது.' துணி சுத்தின குழாய் படம், நல்லா பெருசா. கீழ, "உங்கள் வீட்டுக்கும் இதுபோல் வேண்டுமா? இன்றே அழையுங்கள்!" அதுக்குத்தான் ஒரு புண்ணியவான் 'சூப்பர்'னு கமென்ட் போட்டிருந்தாரு.

அண்ணன் சொன்ன பேச்சைத் தட்டாத மனுஷன். எல்லாத்தையும் தள்ளி விட்டிருந்தாரு. ஆபீஸுக்கு எலிப்பொறி வாங்கினது, லோடு ஆட்டோ பஞ்சர் ஆனது, எல்லாம் வரிசையா ஊருக்கே மெயில்ல போயிட்டு இருந்துச்சு.

ஒண்ணொண்ணா அழிக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள முதலாளி ரூம் கதவு தொறந்துச்சு. கையில போன்.

"ஏம்மா, யாரு பச்சோந்தி?"

அய்யோ!

மதாம் தெரேஸ்னு ஒரு கஸ்டமர். பல வருஷம் பிரான்ஸ்ல இருந்துட்டு வந்து, டவுன்ல இருக்கற, பிரெஞ்சுக்காரங்க காலத்துப் பழைய வீட்டைப் புதுப்பிக்கறாங்க. எங்களுக்குக் கிடைச்சதுலயே பெரிய ஆர்டர். வேலை நல்லா இருந்தா சொந்தக்காரங்க வீடு எல்லாத்துக்கும் சொல்றேன்னு இருந்தாங்க. அவங்களுக்குக் கலர் காட்டற வேலை முடிஞ்சதால, அந்தக் கார்டும் அண்ணனோட குறிப்போட வெளிய வந்திருச்சு.

'மஞ்சள் வேணாமாம். மாமியார் கிச்சன் ஞாபகம் வருதாம்.'

'நீலம் வேணாமாம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்காம்.'

'பச்சை நேத்து பிடிச்சுது, இன்னிக்குப் பிடிக்கல. பச்சோந்தி கூட இவ்ளோ கலர் மாத்தாது. காப்பி நல்லா இருந்துச்சு.'

உங்கள் வீட்டுக்கும் இதுபோல் வேண்டுமா?

"கீழ படி"ன்னாரு சார். குரல் ரொம்ப அமைதியா இருந்துச்சு. அதுதான் பயம்.

மதாம் கமென்ட் போட்டிருந்தாங்க. "கலர் முடிவு பண்ணிட்டேன், உடனே வீட்டுக்கு வாங்க. பச்சோந்தின்னு எழுதினது யாருன்னும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

"ஆர்டர் போச்சு"ன்னு சார் கார் சாவியை எடுத்தாரு. "நீயும் வா. மன்னிப்பு கேக்க ஆள் வேணும்."

டவுனுக்குள்ள திரும்பினா, ஒரு மஞ்சள் சுவத்துக்கு முன்னாடி கல்யாண ஜோடியை நிக்க வெச்சு போட்டோ எடுத்துட்டு இருக்காங்க. கார் நகரவே முடியல. "கொஞ்சம் சிரிங்க!"ன்னு கத்தினாரு போட்டோகிராபர். சார் என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் சிரிக்கல.

மதாம் வீட்டு வாசல்ல எங்க லோடு ஆட்டோ நிக்குது!

உள்ள போனா, சேகர் அண்ணன் ஸ்டூல் மேல நின்னு ஒரு ஷட்டரை, அதான் அலமாரிக் கதவை, மாட்டிட்டு இருக்காரு. கன்னங்கரேல்னு கறுப்பு. பக்கத்துல மதாம், இடுப்புல கை வெச்சுக்கிட்டு.

"போன்ழூர்"னு சாரைப் பாத்து பிரெஞ்சுல வணக்கம் சொன்னாங்க. "இது என்ன, துக்க வீடா? கறுப்பு யாரு கேட்டாங்க?"

"நீங்கதான் மதாம்!"னாரு அண்ணன். போனை நீட்டினாரு. "இதோ. 'கலர் முடிவு பண்ணிட்டேன், உடனே வீட்டுக்கு வாங்க.' மேல லேபிள்ல போட்டிருக்குது, பிளாக்!"

"அண்ணே, அது கலர் இல்லண்ணே. நம்ம பிளாக்!"

"நம்ம பிளாக்னா? நம்மகிட்ட ரெண்டு பிளாக் இருக்குதும்மா. பளபளன்னு ஒண்ணு, மங்கலா ஒண்ணு. நான் பளபளாவை எடுத்தாந்தேன்."

சார் கண்ணை மூடிக்கிட்டாரு.

மதாம் அவங்க போனை எடுத்து, அந்த பச்சோந்தி வரியை நிறுத்தி நிதானமா வாசிச்சாங்க. அண்ணன் ஸ்டூல்லேருந்து மெதுவா இறங்கினாரு. தான் எழுதறதை நான் மட்டுந்தான் படிப்பேன்னு நெனச்சிட்டு இருந்த மனுஷன்!

"நான்தான் மதாம். தப்பா நெனைக்காதீங்க. சார் மேலயும் இந்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல."

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "இல்ல மதாம், ஊருக்கே அனுப்பினது நான்தான்"னேன்.

மதாம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. அப்புறம் குபீர்னு சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு!

"மாமியார் கிச்சன்னு சொன்னேன்ல, அதை எழுதியிருக்கான் பாரு! என் புருஷன்கிட்ட நாப்பது வருஷமா சொல்றேன், காதுல வாங்கினதே இல்ல. இந்த மனுஷன் நான் சொன்னது ஒண்ணு விடாம எழுதியிருக்கான். என் தங்கச்சிக்கு அனுப்பினேன், அவ பாரிஸ்ல விழுந்து விழுந்து சிரிக்கறா."

"அப்போ ஆர்டர்..."ன்னு இழுத்தாரு சார்.

"ஆர்டர் இருக்கு. மஞ்சளே போடுங்க."

"மாமியார்..."ன்னாரு அண்ணன்.

"அவங்க போய்ச் சேந்துட்டாங்க. கிச்சன் இப்போ என்னுது." சார் பக்கம் திரும்பினாங்க. "அது கெடக்கட்டும். உங்க பிளாக்கை இதுவரைக்கும் எழுதினது யாரு?"

"நான்தான் மதாம்"னு பெருமையா முன்னாடி வந்தேன்.

"படிச்சா தூக்கம் வருது. இவரை எழுதச் சொல்லுங்க."

இப்ப எங்க பிளாக்ல எல்லா போஸ்ட்டும் கார்டுலேருந்து தானா வருது, நான் ஒரு வரி எழுதறதில்ல, படிக்கறவங்களும் கூடிட்டாங்க.

ஆட்டோமேஷன் சக்சஸ். அந்த மெஷின் பேரு சேகர் அண்ணன்.