கடல் வேண்டாம் என்ற பொம்மை

பார்ரா டோ சிரி, பாயியா
பிப்ரவரி, திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க லிந்தவுரா அக்காவுக்கு, தம்பி எவிலாசியோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் மகள் ஜுசாராவும் உடல்நலத்துடன் இருக்கிறோம். மனநலம் பற்றிக் கீழே வருகிறது. சாவோ பாவுலோவில் நீயும் நலம், அத்தானின் முதுகுவலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் உறுதியான செய்தி. ஜுசாராவின் திருமணம் ரத்தாகவில்லை, தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இதை மீனவர் சங்கத் தலைவர் தியோஜெனெஸ் இன்று காலை என்னிடம் நேரில் சொன்னார். ரத்து என்று உனக்கு யாராவது சொல்லியிருந்தால் அது போன வார நிலவரம். நம் ஊர் மருந்துக்கடைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் 'தள்ளி' என்று ஆரம்பித்ததுமே நீ கத்தத் தொடங்கிவிடுவாய், மிச்சத்தை மருந்துக்கடைக்காரர்தான் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் எழுதுகிறேன். இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்பாய். நான்தான். என் கேமரா உடந்தை.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து, கடல் ஒதுக்கிவிட்டுப் போகும் பொருள்களைப் படமெடுத்து வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். ஒற்றைச் செருப்பு, குளிர்சாதனப் பெட்டியின் கதவு, தொலைபேசியின் காதுப்பகுதி, யாரோ ஒருவரின் பல்செட். நிழல் விழாமல் எடுக்க மணலில் முட்டி போட வேண்டும். "மாமா, ஊர்ல எல்லாரும் கடலுக்குப் போனா மீன் கொண்டு வர்றாங்க, நீங்க மட்டும் பழைய செருப்புக்கு முன்னாடி மண்டி போட்டுட்டு வர்றீங்க" என்று உன் மகள் தினமும் சொல்வாள். ஆனால் தியோஜெனெஸுக்குப் படங்கள் பிடித்துப்போயின. சங்கக் கொட்டகையில் மாட்டலாம் என்றார். நானும் தலைநகருக்குப் போய்க் கதவளவு பெரிதாக்கிக் கொண்டுவந்து, பிப்ரவரி இரண்டு திருநாள் முடிந்த ஞாயிறன்று மாட்டினேன். அங்கேதான் சனி பிடித்தது.

கடல் தெய்வம் யெமஞ்சா தாய்க்குப் பூவும் சீப்பும் சோப்பும் வாசனைத் தைலமும் கூடை கூடையாகப் படகில் ஏற்றி ஆழத்தில் விடுவதும், தாய் ஏற்காதது கரைக்குத் திரும்புவதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படித் திரும்பி வந்ததை ஊரில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் வேண்டுதல் தள்ளுபடியானதைப் பார்ப்பது மரியாதையல்ல என்று தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். அந்த வழக்கம், இத்தனை வருஷம் நகரத்தில் செய்தி எழுதியதில் எனக்கு மறந்துபோயிருந்தது. ஊரே கண்ணை மூடிக்கொண்டு கடந்த ஒன்றை நான் கதவளவு பெரிதாக்கி, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மாட்டிவிட்டேன். அடியில் இப்படி எழுதியிருந்தேன்: 'பொம்மை. ரப்பர். வலக்கை இல்லை. வெள்ளை உடை. யாருடையது என்று தெரியவில்லை.'

எனக்குத்தான் தெரியவில்லை. கொட்டகைக்குள் நுழைந்த முதல் ஆள் தையல்காரி மரினால்வா.

"இது டோனா ஒண்டினா கூடையில வெச்ச பொம்மையாச்சே!" என்றாள்.

"மெதுவா பேசுடி. அவங்க பின்னாலதான் நிக்கிறாங்க" என்றாள் கூட வந்தவள்.

"என்னத்த மெதுவா பேச? ஜுசாரா கல்யாண உடுப்புல மிஞ்சின துணியில நான்தான் தெச்சுக் குடுத்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா?"

டோனா ஒண்டினா யார் என்று உனக்கு மறந்திருக்காது, மாப்பிள்ளை ஜெனிவாலின் அம்மா, உன் வருங்காலச் சம்பந்தி. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் என்ன பண்ணட்டும்? தாய் வேண்டாம்னுட்டா" என்று சொல்லிவிட்டு வெளியே போய், சூடாக ஓர் அக்கராஜே வடை வாங்கி, நிறைய மிளகாய் போடச் சொல்லிச் சாப்பிட்டார். அதிர்ச்சியில் சிலருக்குப் பசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் கடலே மறுத்த கல்யாணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜெனிவால் நம் வாசலில் நின்று, "அம்மா சொல்றாங்க..." என்று தொடங்கினான். ஜுசாரா அவன் கையிலிருந்த மீன் கோவையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒலகத்துல இருக்கிற குப்பையெல்லாம் விட்டுட்டு என் கல்யாணந்தான் கெடச்சுதா மாமா?" என்றாள். அதன் பிறகு என்னோடு பேச்சு இல்லை. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வீட்டுக் கிளியிடம் சொல்கிறாள். கிளி அதைத் தன் சொந்தக் கருத்துகளையும் சேர்த்துச் சொல்கிறது.

தாய்மாமன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன், விசாரித்தேன். திருநாளுக்கு மறுநாள் எடுத்த படங்களையெல்லாம் தரையில் பரப்பிப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. கரைக்கு வந்தது பொம்மை மட்டுமல்ல. சீப்பு, கண்ணாடி, சோப்பு எல்லாமே ஒரே வளைவில் ஒதுங்கியிருந்தன, எல்லாமே மீனவன் ஃபிர்மினோவின் படகில் போனவை. படங்களை எடுத்துக்கொண்டு ஃபிர்மினோவைப் பார்க்கப் போனேன்.

"கூடையை எங்கே விட்டாய்?"

"ஆழத்துலதான் அண்ணே."

"எவ்வளவு ஆழம்?"

"சாமி காரியத்துல அளவெல்லாம் கேக்காதீங்க."

"தாய் ஒரே நாளில் இத்தனை பேரை மறுத்தாளா, உன் படகை மட்டும் மறுத்தாளா?"

அவன் கையிலிருந்த வலையைக் கீழே போட்டான். "மோட்டார் இருமுச்சு அண்ணே. வீட்டுல மொக்கேகா மீன்கொழம்பு கொதிச்சிட்டிருந்துது, மச்சான்மார் வேற வந்திருந்தானுங்க. நான் போறதுக்குள்ள சட்டியக் காலி பண்ணிருவானுங்க. பாறையத் தாண்டினதும் விட்டுட்டேன்" என்றான்.

ஆக, தாய் மறுக்கவில்லை, கூடை அவளிடம் போய்ச் சேரவேயில்லை. தியோஜெனெஸ் சங்கத்தைக் கூட்டி, வரும் சனிக்கிழமை, தாய்க்கு உகந்த நாளில், நான் கரையிலிருந்து எடுத்து வைத்திருந்த அதே பொம்மையைத் தாமே உடன் சென்று ஆழத்தில் விடுவதென்று முடிவு செய்தார். டோனா ஒண்டினா மறுப்பே சொல்லவில்லை. என் இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்!" என்றார். இப்படி ஒரு சம்பந்தி கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும். எனவே, அக்கா, வீட்டில் எல்லோரும் சனிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றி, பொம்மை கரைக்குத் திரும்பவே கூடாது என்று மனமார வேண்டிக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு என் மரியாதை. யெமஞ்சா தாயும் நம் தேவாலயத்துப் புனிதர்களும் தங்களுக்குள் சண்டையில்லாமல் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உன் தம்பி,
எவிலாசியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டோனா ஒண்டினா பொம்மைக்குப் புதுக் கை பொருத்திக் கொண்டுவந்து காட்டினார். படத்தின் குறிப்பைத் திருத்தலாமே என்று, "கல்யாணம் நல்லபடியாக நடக்க வைத்த வேண்டுதல் என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன்.

"அப்படின்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்கிறதே."

"ஊரு சொல்லும். நீங்க பேப்பர்காரர்தானே அண்ணே, என்னைக் கேட்டீங்களா?"

அக்கா, எப்போது, எங்கே, எப்படி என்று ஊரெல்லாம் கேட்டேன். என்ன வேண்டிக்கொண்டாய் என்று வேண்டிக்கொண்டவளைக் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். பொண்ணு தங்கம், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா மோதிரம் மாட்டின மறுவாரமே என் பையனைப் பஸ் ஏத்தி சாவோ பாவுலோவுல உங்க அத்தான் கார் பட்டறைக்கு அனுப்புறீங்களே, அது அடுக்குமா? பொம்மை திரும்பினதப் பாத்ததும் எனக்கு மூச்சே நின்னுபோச்சு. ஊரு தலைகீழா புரிஞ்சுக்கிச்சு, நானும் வாயத் தொறக்கல. ஆனாலும் தாய் என்னைத் தள்ளிட்டாளேன்னு உள்ளுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நல்லவேளை, சேரவே இல்லன்னு நீங்க கண்டுபிடிச்சீங்க. நூறு வருஷம் இருங்க!"

ஆகவே மேலே எழுதியதில் தகவல்கள் சரி, முடிவு தவறு. பொம்மையைத் திருப்பி அனுப்பி, கடல் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தது. அந்தச் சம்மதம் செல்லாது என்று ஆதாரத்துடன் நிரூபித்தவன் நான். மெழுகுவர்த்தி ஏற்றாதே. ஏற்றினால், பொம்மை திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

"பட்டறை வேலை ஒரு வருஷம் பொறுக்கும் என்றால்?" என்று கேட்டேன். "அப்படின்னா நான் வேற வேண்டிக்கிறேன். கூடை அதேதான், பொம்மையும் அதேதான், வேண்டுதல்தானே மாறணும்" என்றார். உடனே சமையலறையிலிருந்து, கிளி வழியாக அல்லாமல் நேராகவே, ஒரு குரல் வந்தது: "மாமா, எனக்கும் அந்தக் குளிர் ஊரு வேண்டாம்னு அம்மாவுக்கு எழுதுங்க!"

ஜெனிவாலையும் விசாரித்தாயிற்று. ஜுசாரா எங்கேயோ அங்கே இருக்கிறானாம்.

இன்னும் தெரியாதது, பட்டறை ஒரு வருஷம் பொறுக்குமா என்ற உன் பதில் ஒன்றுதான். விமானத் தபாலில் இது வியாழக்கிழமை உன் கையில் கிடைக்கும். டோனா ஒண்டினா கூடையின் மூடியைக் கட்டுவது வெள்ளி மாலை. அதுவரை மருந்துக்கடை திறந்திருக்கும்.