இருநூற்று முப்பது மீட்டர் சுவர்

குளிர்ச்சியார் வருகிறார் என்றால் மாடிப்படியில் கால் வைக்க இடம் இருக்காது. சுவருக்குள் புகுந்துவிட்ட 'கொதிப்பு சக்தி'யைப் பித்தளை வில்லையால் உறிஞ்சிவிடுவாராம். ஒரு வில்லைக்கு ஒரு வாரச் சம்பளம். அவரை முதலில் நம்பிய அறிவாளி யார் தெரியுமா? நான்தான். பொறியாளர். கட்டடத்துக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று கணக்குப் போடுவதே என் பிழைப்பு.

மேல்மாடித் தையல் கூடத்தில் முப்பது பெண்கள் வெந்துகொண்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஜன்னல், சுவர் அளவுகளைக் கணினியில் ஏற்றினேன். உள்ளே வரும் வெப்பம் ஏறக்குறையப் பூஜ்யம் என்றது அது. வேறு யாராக இருந்தாலும் கணக்கைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் பிரபஞ்சத்தைச் சந்தேகப்பட்டேன். 'சுவர், ஜன்னல் வழியாக வெப்பம் வரவில்லை. காரணம் வேறு' என்று அளவுகளுக்குக் கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

குளிர்ச்சியார் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்தார். "விஞ்ஞானமே கையை விரிச்சிடுச்சு!"

மூன்று மணிக்கு ஜன்னல் கண்ணாடியில் வெப்பமானியை ஒட்டினார். நாற்பத்து நாலு. வில்லையைப் பதித்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முப்பத்தாறு! கைதட்டலில் என் கைதான் அதிகம் சத்தம் போட்டது. வீட்டுக்கும் இரண்டு வில்லை வாங்கினேன்.

"வேர்வை நிக்கலையே?" என்றாள் மனைவி.

"சக்தி இறங்க நாளாகும்" என்றேன், அசல் குளிர்ச்சியார் குரலில்.

மறுவாரம் நானும் குளிர்ச்சியாரும் பார்க்க வந்திருந்தபோது, உச்சி வெயிலில், வில்லைக்கு அடியிலேயே, ஒரு கர்ப்பிணி மெஷின்மேல் மயங்கிச் சாய்ந்தாள். "கொதிப்பு வெளியேறுது, நல்லதுதான்" என்றார் குளிர்ச்சியார்.

துணி வெட்டும் அக்கா கத்தரியைக் கீழே வைத்தாள். விழுந்தவள் அவள் தங்கை.

"சார், உங்க தாளைக் காட்டுங்க." படித்தாள். "சுவர் கனம் இருநூத்து முப்பது மீட்டரா? அப்ப பஸ் நிறுத்தமே நம்ம சுவருக்குள்ளதான் இருக்கா?"

ஜன்னல் ஓரத்தில் அளவு நாடாவை வைத்தாள். இருபத்து மூன்று சென்டிமீட்டர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் அகலத்துக்காக நீள அலகை மீட்டரில் வைத்திருந்தேன். சுவர் கனத்தை மில்லிமீட்டரில் நினைத்து, அலகை மாற்றாமலே தட்டியிருக்கிறேன். கண்ணாடியின் ஆறு மில்லிமீட்டரும் ஆறு மீட்டராகிவிட்டது. அந்தக் கோட்டைக்குள் எந்தச் சூடு நுழையும்?

அக்கா குளிர்ச்சியாரிடம் திரும்பினாள். "மூணரைக்கு எதிர்க் கட்டட நிழல் இந்த ஜன்னல்ல விழும். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒட்டுங்க. குளிர வைக்கிறது நிழலா, வில்லையான்னு பார்த்துடுவோம்."

"நேரம் சரியில்லையே..." நெளிந்தார். கூட்டம் விடவில்லை.

மறுநாள் பன்னிரண்டுக்கு முப்பத்தொன்பது. ஒரு மணிக்கு நாற்பத்திரண்டு. "இறங்குது, இறங்குது" என்றபடி வெயிலில் காய்ந்த வில்லையைத் தொட்டவர், "ஐயோ!" என்று விரலை வாய்க்குள் திணித்தார். கூடமே சிரித்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அவரைப் படியிறங்க விட்டார்கள்.

அலகைத் திருத்தியதும் கணினி உண்மையைக் கக்கியது: சூடு பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. பெண்களே தடித்த வெள்ளைத் துணியில் ஜன்னலுக்கு வெளியே மறைப்புத் தைத்துக் கட்டினார்கள். கூடம் மூச்சு விட்டது. தங்கை வேலைக்குத் திரும்பினாள்.

புதுத் தாளைக் கொடுத்தேன். அக்கா ஒவ்வொரு எண்ணாக நாடா வைத்துச் சரிபார்த்தாள்.

"இன்னும் நம்பிக்கை வரலையாக்கா?"

"உங்க ரெண்டு பேரையும் நம்பினப்பதான சார் அவ விழுந்தா."

வில்லை விற்றவன் ஓடிவிட்டான். தாள் எழுதியவன் இங்கேயேதான் இருக்கிறேன், பட்டத்தோடு. அடுத்த முறை நான் எதையாவது நீட்டினால் கும்பிட்டு வாங்காதீர்கள். உங்களுக்கும் மூளை இருக்கிறது. அதற்கு யாரும் வாடகை கேட்பதில்லை.