போகாத பயணத்தின் பதிவேடு

மனிதகுலம் இதுவரை திட்டமிட்ட பயணங்களிலேயே தலைசிறந்தது, ஹூசும் நகர வடமுனை மோட்டார் சைக்கிள் பயணச் சங்கம் பதினோரு ஆண்டுகளாகப் போகாமல் இருந்த பயணம்தான். அதில் யாரும் நனையவில்லை. ஒரு டயர்கூடப் பஞ்சராகவில்லை. நார்வே நாட்டுக் கலைமான்களுக்கு எந்தத் தொந்தரவும் நேரவில்லை. உலகத்தில் வேறெந்தப் பயணக் குழுவாவது இப்படி மார்தட்டிக்கொள்ள முடியுமா?

இந்தப் பெருமையெல்லாம் வீப்கேவுக்கு நன்றாகத் தெரியும். அவள்தான் சங்கத்தின் குறிப்பெழுத்தர். பகலில் நகர நூலகத்தில் வேலை. அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அவள் கணவன் ஹின்னெர்க்கும் அவன் நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து, ஐரோப்பாவின் வடகோடியில் கடலுக்குமேல் நிற்கும் அந்தப் பாறைவரை வண்டியில் போய், கோடையில் மறையாத சூரியனைப் பார்த்துவிட்டு வருவது என்று ஒரு மாலை பீர் குடித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். வேறு ஊராக இருந்தால் மறுவாரமே கிளம்பியிருப்பார்கள். இவர்கள் பொறுப்பானவர்கள். முதலில் சங்கம் அமைத்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்பது சட்டம். ஏழாவது ஆளாக வீப்கேயைச் சேர்த்தார்கள். கையெழுத்து அழகாக இருந்ததால் நோட்டும் அவள் கைக்கே வந்தது.

தலைவர் ரைமர். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, ஒரு வேலித் தகராறைக்கூட அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காமல் ஓய்வு பெற்றவர். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை, துறைமுகத்தை ஒட்டிய மதுவிடுதியின் பின்னறையில் கூட்டம். தொடங்கும்போது எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், அது வணக்கம். முடியும்போதும் தட்டுவார்கள், அது பாராட்டு. எதைப் பாராட்டுகிறோம் என்று பதினோரு ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை.

முதல் வேலை, வண்டியைத் தேர்ந்தெடுப்பது. ஆறு பேரும் ஒரே மாதிரி வண்டியில் போனால்தான் உதிரிபாகம் சுமப்பது சுலபம் என்று ரைமர் கண்டறிந்தார். உள்நாட்டுப் பவேரியா வண்டியா, ஜப்பான் வண்டியா? பல் மருத்துவர் கெர்னோட் தலைமையில் துணைக்குழு போடப்பட்டது. கெர்னோட் நூற்று நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். சங்கிலிக்கு எண்ணெய் விடுவது யார் வேலை, அலுமினியப் பெட்டியா துணிப்பையா, எதிரே காட்டு மான் வந்தால் எந்த வண்டி அதிக நிதானத்தோடு நிற்கும் என்றெல்லாம் அதில் உண்டு. ஓராண்டு உழைப்புக்குப் பிறகு இரண்டு வண்டிகளும் அறுநூற்றுப் பதினோரு மதிப்பெண் பெற்றன. மறுமதிப்பீடு தொடங்கியது. ஆனால் வண்டிக் கம்பெனிகள் பொறுப்பில்லாதவை. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் புது மாடலைக் கொண்டுவந்தன. அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் முதல் கேள்வியிலிருந்து தொடங்கியது.

இரண்டாம் ஆண்டில் சங்கத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. சொந்த வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வண்டிமேல் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் மதிப்பீடு கெட்டுவிடும். ஆகவே பொது வண்டி முடிவாகும்வரை உறுப்பினர் யாரும் வண்டி வைத்திருக்கக் கூடாது. ஆறு பேரும் ஒரே மாதத்தில் வண்டிகளை விற்றார்கள். ஹின்னெர்க் இருபது ஆண்டுகளாக ஓட்டிய பச்சை வண்டியை விற்றுவிட்டு வந்து, கொட்டகையில் அது நின்ற இடத்தைக் கூட்டிப் பெருக்கினான். அதன்பிறகு மோட்டார் சைக்கிள் சங்கக் கூட்டத்துக்கு ரைமர் பேருந்திலும், மற்றவர்கள் மிதிவண்டியிலும் வந்தார்கள். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று கெர்னோட் மட்டும் மிதிவண்டியில் வரும்போதும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார்.

பாதைத் துணைக்குழு இன்னும் தீவிரமானது. பூகோள ஆசிரியர் தோர்பென், நார்வே கடற்கரை வழி, ஸ்வீடன் காட்டு வழி, பின்லாந்து ஏரி வழி என்று மூன்று தடங்களை வரைந்தார். ஒவ்வொரு சுரங்கப் பாதையின் நீளமும் அவருக்கு மனப்பாடம். எந்த நாள் எந்தக் கூடாரத் திடல், எந்த இடத்தில் கொசு, எந்த ஊரில் காலையில் புது ரொட்டி கிடைக்கும், எல்லாம் எழுதப்பட்டன. பன்னிரண்டாம் நாள் மழை பெய்யும் என்பது நான்குக்கு இரண்டு என்ற வாக்கில் முடிவானது. கிளாவ்சென் சகோதரர்கள் இருவரும் சங்கத்தில் இருந்ததால் எந்த வாக்கும் சுலபமாக ஒருமனதாகிவிடாது. அண்ணன் கை தூக்கினால் தம்பி தூக்கமாட்டான். சிறுவயதில் ஒரு மீன்பிடிப் படகு விஷயத்தில் தொடங்கியது என்பார்கள்.

பதினோராம் ஆண்டு பிப்ரவரியில் ஹின்னெர்க் ஒழுங்குமீறினான். துறைமுகத்தில் தான் இயக்கும் கிரேனிலிருந்து இறங்கும்போது ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான். கீல் நகரத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் தசை தளர்ந்துபோய் விரிந்திருக்கிறது என்றார். இந்தக் கோடை நன்றாக இருக்கும், அடுத்த கோடையைப் பற்றித் தான் பேச விரும்பவில்லை என்றார். வண்டி ஓட்டலாமா என்று ஹின்னெர்க் கேட்டான். தனியாகக் கூடாது, முன்னால் ஒரு ஆளும் பின்னால் ஒரு ஆளும் வந்தால் மெதுவாக ஓட்டலாம் என்றார் மருத்துவர். காரிலோ விமானத்திலோ போய் வரலாமே என்றாள் வீப்கே. விமானத்தில் போவதெல்லாம் போவதே இல்லை, பார்சல் அனுப்புவது என்றான் ஹின்னெர்க்.

ஏப்ரல் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். அவசரத் தீர்மானம் என்றான். அப்படி ஒன்று விதிகளில் இருப்பதையே ரைமர் அன்றுதான் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"இந்த ஜூன்ல போவோம்" என்றான் ஹின்னெர்க்.

"எந்த ஜூன்?" என்றார் ரைமர்.

"வர்ற ஜூன்தான். ஃபிளென்ஸ்புர்க்ல ஒருத்தர் ஆறு வண்டி வாடகைக்குத் தர்றேங்கறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"ஆறும் ஒரே மாதிரியா?" என்று கேட்டார் கெர்னோட்.

"மூணு பவேரியா. மூணு ஜப்பான்."

பதினோரு ஆண்டு மதிப்பீட்டை மூன்று மூன்றாகப் பங்கு போட்டு ஒருவன் முடித்துவிட்டானே. கெர்னோட் இருக்கையின் உயரம் கேட்டார். எண்பத்தேழு சென்டிமீட்டர் என்றான் ஹின்னெர்க். தன் காலின் நீளம் எழுபத்தொன்பது என்பதைக் குறிப்பில் ஏற்றும்படி கெர்னோட் கேட்டுக்கொண்டார். வீப்கே ஏற்றினாள்.

"நிக்கிற இடத்துல ஒரு கட்டையப் போட்டுக்கோங்க டாக்டர்" என்றான் கிளாவ்சென் தம்பி.

ஹின்னெர்க் சிரிக்கவில்லை. "கீல்ல என்ன சொன்னாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். முன்னாடி ஒரு ஆள், பின்னாடி ஒரு ஆள் வேணுமாம். என்கிட்ட அஞ்சு பேர் இருக்கீங்க. அதான் கேக்கறேன்."

ரைமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறுப்பினரின் உரை "உருக்கமானது" என்று பதிவு செய்யச் சொன்னார். பிறகு மிகுந்த கனிவோடு பேசினார்.

"நாங்க யாரும் உனக்கு எதிரா இல்ல ஹின்னெர்க். நடைமுறைக்கு ஆதரவா இருக்கோம். அவ்வளவுதான்."

"நடைமுறைக்கு இதயம் நல்லாருக்கு போல" என்றான் ஹின்னெர்க்.

வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக ஹின்னெர்க், தோர்பென், கிளாவ்சென் தம்பி. எதிராக ரைமர், கெர்னோட், கிளாவ்சென் அண்ணன். எல்லோரும் வீப்கேயைப் பார்த்தார்கள். அவளோ குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எப்படி வேணாலும் போடலாம் வீப்கே" என்றார் ரைமர். "விதியில தடை ஒண்ணும் இல்ல. புருஷனோட தீர்மானத்துக்குப் பெண்டாட்டியே கை தூக்கினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு மட்டும்தான். நான் ஒண்ணும் சொல்லல."

பின்னறையில் பார்க்கிறவர்கள் என்று யாரும் இல்லை. அது வீப்கேவுக்கும் தெரியும். ஆனால் அந்த நொடியில் அவள் கண்முன் வந்தது வேறு. நார்வேயில் ஏதோ ஒரு ஈரமான சுரங்கப் பாதை, சாய்ந்து கிடக்கும் வண்டி, அதன் விளக்கு சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அவர்கள் வீட்டுச் சமையலறை, ஜன்னலோர நாற்காலி, போர்வைக்குள் ஹின்னெர்க். மிச்சமிருப்பது ஒரே ஒரு கோடை என்றால் அது தன்னிடம் இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். போகாதே என்று அவனிடம் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. சங்கம் அந்தக் குறையையும் விதிகளால் நிரப்பிவைத்திருந்தது.

"நடுநிலை" என்றாள் வீப்கே.

மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகப் பொருள். நடுநிலை கணக்கில் சேராது. ரைமர் விதியைப் படித்தார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

ஆதரித்த இருவரும் ஹின்னெர்க்கோடு மூன்று பேராகவே போயிருக்கலாமே என்று, விவரம் தெரியாதவர்கள் கேட்கக்கூடும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மருத்துவர் கேட்டது அவ்வளவுதானே. ஹின்னெர்க்கே அதை வாசலில் வைத்துக் கேட்டான். தோர்பென் மிகவும் வருத்தப்பட்டார்.

"போகலாம்தான். ஆனா தீர்மானம் தோத்துப்போச்சே."

கிளாவ்சென் தம்பியும் அதையே சொன்னான். அவர்கள் ஆதரித்தது தீர்மானத்தை. பயணத்தை அல்ல. அந்த வேறுபாடு புரியாதவர்கள்தான் கண்ட இடத்துக்கெல்லாம் போய் வருகிறார்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு ஹின்னெர்க்குக்கு மிதிவண்டியும் இல்லை; வீட்டுக்கு வீப்கேதான் காரை ஓட்டினாள். பாதி வழியில் ஹின்னெர்க் அவள் பக்கம் திரும்பினான்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்றான்.

"எழுதிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள்; நிறைய பதில்கள் வைத்திருந்தாள்.

ஜூன் வந்தது. மருத்துவர் சொன்னபடியே நல்ல கோடை. ஹின்னெர்க் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவள் ஆசைப்பட்டபடியே. மாலைகளில் தோர்பெனின் திட்டத்தை எடுத்து வாசிக்கச் சொல்வான். அவள் வாசிப்பாள். ஒன்பதாம் நாள், ஆற்றோரத் திடல், உலர்ந்த மீன் சூப். பத்தாம் நாள், மரங்கள் முடிந்துபோகின்றன, காற்று பலம், வேகம் அறுபதுக்குமேல் வேண்டாம். திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் மழை என்று படித்ததும் ஹின்னெர்க், "நான் மழைக்கு எதிராத்தான் போட்டேன்" என்றான். பாறைக்குப் போய்ச்சேரும் நாளை மட்டும் அவன் வாசிக்கவிடவில்லை. அது அங்கே போய்ப் பார்க்க வேண்டியது என்றான்.

அக்டோபரில் அவன் இறந்தான். சங்கம் தன் கடமையிலிருந்து வழுவவில்லை. மலர்வளையத்தின் நாடாவில் என்ன எழுதுவது என்று தனிக்கூட்டம் போட்டு, "திட்டம் தொடரும்" என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பி, காபியும் வெண்ணெய் கேக்கும் சாப்பிடும்போது, மரணமே மதிப்பீட்டின் முக்கியத்துவத்தை உணர்த்திவிட்டது என்றார் கெர்னோட். யோசிக்காமல் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நடுவழியில் அல்லவா நடந்திருக்கும் என்றார். ஜூனுக்கும் அக்டோபருக்கும் நடுவில் நான்கு மாதம் இருப்பதை அவருடைய அட்டவணை எங்கும் கேட்கவில்லை.

மறு ஏப்ரலில் ஆண்டுக் கூட்டம். ஹின்னெர்க்குக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். ரைமர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டதால் அது ஒரு நொடிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இனி இது "ஹின்னெர்க் நினைவுப் பயணத் திட்டம்" என்று பெயர் சூட்டினார்கள். பிறகு, ஆண்டுக் கூட்டத்தின் வழக்கப்படி, சென்ற ஆண்டுக் குறிப்புகளைப் படித்து ஏற்பது. ரைமர் வீப்கேயின் நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். ஆதரவு மூன்று, எதிர்ப்பு மூன்று, நடுநிலை ஒன்று, தீர்மானம் தோல்வி. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக வீப்கே கை தூக்கினாள்.

"ஒரு திருத்தம். நடுநிலை ஒண்ணுங்கறத அடிச்சிடுங்க. எதிர்ப்பு நாலுன்னு போடுங்க."

ரைமருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கனிவானார்.

"நீ அன்னைக்கு நடுநிலைன்னுதானேம்மா சொன்ன?"

"சொன்னது அது. செஞ்சது இது."

"பதிவேட்டுல சொன்னதுதான் ஏறும் வீப்கே. செஞ்சதையெல்லாம் ஏத்த ஆரம்பிச்சா எந்தச் சங்கமும் நிக்காது."

ஆனாலும் சங்கம் ஜனநாயகச் சங்கம். திருத்தம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஐந்து. கிளாவ்சென் சகோதரர்கள் தங்கள் வாழ்நாளில் முதன்முறையாகச் சேர்ந்து கை தூக்கினார்கள். அந்த அதிசயத்துக்காக எல்லோரும் நீண்ட நேரம் மேசையைத் தட்டினார்கள். வீப்கே அதையும் எழுதிக்கொண்டு, அடியில் கையெழுத்துப் போட்டாள்.

ஆக, ஹின்னெர்க்கை வடமுனைக்குப் போகவிடாதவர்கள் மூன்று பேர் என்றுதான் அந்தப் பதிவேட்டில் இன்றுவரை இருக்கிறது. அழகான கையெழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது. எண்ணிக்கை மட்டும் தப்பு. அவளையும், ஆதரித்துவிட்டுப் போகாத இருவரையும் சேர்த்து ஆறு பேர்.