என் பெயரில் ஓடிய ஓட்டோ

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய்தான் திறக்கும்; கண் திறக்க நேரமாகும். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயதும் ஒரு லீசிங் கம்பனியும் தேவைப்பட்டன.

வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தோம். மறுத்துவிட்டார்கள். நான் லீசிங்கில் ஓட்டோ எடுத்து ஆறு மாதம் தவணை கட்டவில்லை என்று என் கடன் அறிக்கையில் இருந்ததாம். (எனக்குச் சைக்கிள்கூட ஓடத் தெரியாது.)

திருத்தச் சொல்லி அந்தக் கம்பனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். "பதிவு சரியானது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்றே லீவு போட்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக் கிளைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "சிஸ்டத்தில அப்பிடித்தான் மிஸ் காட்டுது."

"அப்ப சிஸ்டத்தைக் கூப்பிடுங்கோ. நான் அதோட கதைக்கிறன்."

"பொட்டக் இன்ன" என்றுவிட்டு உள்ளே போனார். (சிங்களத்தில் கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சத்துக்கு எந்த மொழியிலும் அளவில்லை.)

ஒரு மணித்தியாலம் இருந்தோம். பக்கத்து நாற்காலியில் மடியில் ஃபைலோடு ஒரு பெண் இருந்தாள். கேட்க ஒரு காது கிடைத்ததும் கொட்டித் தீர்த்தேன்.

"என்ர பேரில ஆரோ ஒரு கள்ளி ஓட்டோ எடுத்துப்போட்டு ஓடிட்டாள். வெட்கங்கெட்டவள். கையில கிடைச்சாளெண்டால் காட்டுவன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக இரங்குகிறாள் என்று நினைத்து, இன்னும் நாலு வசவு சேர்த்தேன்.

"புஷ்பராணி" என்று கவுண்டரில் கூப்பிட்டார்கள். எழும்பினேன். அவளும் எழும்பினாள்.

"நான்தாங்க அந்தக் கள்ளி" என்றாள். "வீட்டுக்காரருக்குக் கால் முறிஞ்சு ஆறு மாசம் கட்ட முடியல. பொறகு முழுசா கட்டிட்டேங்க. முடிச்சதுக்குக் கடிதம் கேட்டு மட்டக்குளியிலேருந்து இது நாலாவது தடவை வாறேன். என் பேருல கணக்கே இல்லைங்கிறாங்க."

ஃபைலைத் திறந்தாள். எல்லா ரசீதும் இருந்தன. முன்பு அங்கே நான் ஃபிரிட்ஜுக்குக் கடன் எடுத்திருந்தேன். பெயர் ஒன்றென்று அவள் ஓட்டோவையும் என் அடையாள அட்டை இலக்கத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

தரையைப் பிளந்துகொண்டு போய்விடலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன், அது எனக்கே கேட்கவில்லை.

"சின்ன மிஸ்டேக் மிஸ்" என்றார் கவுண்டர்க்காரர்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சத்தத்தில் முகாமையாளரே வெளியே வந்தார். அவளுக்குக் கடிதம் அன்றே கிடைத்தது. என் அறிக்கையைத் திருத்த மூன்று மாதம் எடுத்தார்கள். அதற்குள் ஃபிளாட்டை வேறொருவர் வாங்கிவிட்டார். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான். அந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

என் கணவருக்கோ அது ஆயுளுக்கும் போதுமான பகிடி. போன கிழமை தபால் கந்தோர் வரிசையில் நான் யாரையோ திட்ட வாயெடுத்தேன். உடனே அவர், பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் மிகப் பணிவாகக் கேட்டார்:

"குறை நினையாதேங்கோ, உங்கட பேர் என்ன?"