முன்சீட்டு அதிகாரி

படபடவென்று நாலு வெடி. கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

"பிடிச்சிடுச்சுக்கா," என்றார் மெக்கானிக், விமானத்தின் முன் விசிறியைச் சுற்றிவிட்ட கையை உதறிக்கொண்டே. "இனிமே இன்ஜினை அணைச்சிடாதீங்க. அணைச்சா மறுபடி கிளப்ப மத்தியானம் ஆயிடும்."

பின் இருக்கையிலிருந்த விமானி தலையாட்டினாள். விமானத்துக்கு வயது எழுபது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. இன்றைய பரீட்சையில் தேறாவிட்டால் அவள் உரிமம் போய்விடும். அந்த விமானத்தை ஓட்டத் தெரிந்த வேறு ஆள் கிடையாது. பறக்கும் சங்கம் விமானத்தை மியூசியத்துக்குக் கொடுத்துவிடும். அவள் தேறுவாள் என்று சங்கத் தலைவர் நம்பவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை.

டை கட்டிய ஒருவர் குறிப்பேட்டுடன் வந்தார். விமானத்தைச் சுற்றி வந்தார். இறக்கையைத் தட்டிப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். இன்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாததால், முன் இருக்கையைச் சுட்டி, ஏறலாமா என்று சைகையில் கேட்டார்.

"தாராளமா ஏறுங்க சார்." மெக்கானிக் அவரை உட்காரவைத்து, பட்டைகளை இறுக்கிக் கட்டினார். பிறகு அவள் காதருகே குனிந்தார். "பரீட்சை அதிகாரி வந்துட்டாருக்கா. இவரு வாயே திறக்கமாட்டாராம், எல்லாம் கைஜாடைதானாம். போன வருஷம் ஒருத்தரை ஒத்தை விரல்லயே ஃபெயில் பண்ணிட்டாராம்."

முன்னால் இருந்தவர் ஒரு கண்ணை மூடி, இறக்கையை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"கிளம்பச் சொல்றாரு," என்றாள் அவள். கிளம்பினாள்.

மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முதலில் புல்தரையில் இறங்கப் போனாள். இந்த மாதிரி விமானத்தில் இறங்கும்போது எதிரே மூக்குதான் தெரியும். பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் தரையைக் கண்டுபிடிக்க வேண்டும். அவளும் எட்டிப் பார்த்தாள். தரை அவள் நினைத்ததற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. விமானம் இரண்டு முறை துள்ளியது.

முன்னால் இரண்டு கைகளும் மேலே போயின.

"மறுபடி மேலயா? சரிங்க சார்."

மேலே போனதும் அவர் கீழே, கீழே என்று விரலால் குத்திக் காட்டினார். கீழே தார் ஓடுபாதை காலை மழையில் நனைந்து பளபளத்தது. பக்கக் காற்று வேறு.

"ஈரத்துல கேக்குறாரு. விவரமான ஆளு," என்று முனகியபடி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி ஒற்றைச் சக்கரத்தில் தொட்டாள். பூப்போல இறங்கியது. அந்தப் பெருமையில் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திவிட்டாள். வால் வழுக்கி, விமானம் வந்த வழியையே பார்த்து நின்றது.

மெக்கானிக் மூச்சு வாங்க ஓடிவந்தார். "சார் மூஞ்சி வெளுத்துப் போச்சுக்கா. வாயைத் திறந்து திறந்து மூடுறாரு."

"பேசமாட்டாருன்னு சொன்னீங்க?"

"மார்க்கை எண்ணிக்கிறாரு போல."

முன்னால் இருந்தவர் தூரத்து வெளிவாசலை நோக்கிக் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு சேற்றுத் திடல் கிடந்தது.

"சேத்துலயுமா?" என்றார் மெக்கானிக். "கல்நெஞ்சுக்காரருக்கா."

மூன்றாவது முறை அவள் எதையும் யோசிக்கவில்லை. சேற்றில் நின்றால் மூக்கு குத்தும். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டதும், ஓட்டும் பிடியை வயிற்றோடு அணைத்து இழுத்து, இன்ஜினைச் சற்று உறுமவிட்டபடியே உருட்டிக்கொண்டு போனாள். இரு பக்கமும் சேற்றை வாரியிறைத்து, விமானம் கொட்டகை வாசலின் கெட்டித் தரைக்கு வந்து சேர்ந்தது.

முன்னால் இருந்தவர் கைகூப்பினார்.

"வணக்கம் சார்," என்று சொல்லி அவள் இன்ஜினை அணைத்தாள்.

குடை பிடித்த ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு மெக்கானிக் வந்தார். மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு நடந்துபோச்சுக்கா. பரீட்சை அதிகாரி இவருதானாம். பஸ் லேட்டாம். சேத்துல இறங்குனதை வேலிகிட்ட நின்னு பார்த்திருக்காரு."

பெரியவர் வாய் திறக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார். 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவள் தாளையும் பார்த்தாள், முன் இருக்கையையும் பார்த்தாள்.

"அப்ப சார், நீங்க யாரு?"

அவர் மூக்குக் கண்ணாடியிலிருந்த சேற்றை வழித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"மியூசியத்துலேருந்து அளவெடுக்க வந்தேம்மா. இது இன்னும் பறக்கும்னு உங்க தலைவர் சொல்லவே இல்லையே."