பச்சைச் சாமியும் படுக்காத பூசணியும்

செத்த பூசணிக் கொடியை எழுப்புகிற சாமி வந்திருக்கிறாராம்! உக்குவளைப் பக்கமெல்லாம் இதே பேச்சு. பச்சை வேட்டி, பச்சைத் துண்டு, கையில் வெண்கல மணி. பெயர் பச்சைச் சாமி. இரண்டு மாதமாக மழை கண்ணில் படவில்லை, சாமி பட்டார். விடுமா நம் சனம்?

அற்புதம் இதுதான். பகல் ஒரு மணிக்குக் கூட்டத்தோடு தோட்டத்துக்குப் போவார். இலையெல்லாம் ஈரத்துணி போலத் தொங்கும். மணியை ஆட்டி, "எழும்பு!" என்பார். பிறகு எல்லாருக்கும் சோறு. ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் இலைகள் நிமிர்ந்து நிற்கும்! ஒவ்வொரு கோடையிலும் இதைக் கண்ணால் கண்ட விவசாயிகள், மணியோசை கேட்டதும் அத்தனையையும் மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாமி காசைத் தொடமாட்டார். வீட்டு விதை போதும். அதில் வறட்சித் தோஷமாம்; யாகத்தில் போட வேண்டுமாம். மூட்டை விதை கொடுத்தால் பத்து மந்திர விதை கிடைக்கும். யாகத்தில் ஒரு விதை கருகிய வாசனைகூட வரவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

சசிக்குமாரும் ஒரு பால்மா டின்னோடு சாமியிடம் போனான். அது அவன் மனைவி ரஜிதாவின் உயிர். வெயிலில் கடைசியாக வாடி, அப்படியும் காய் பிடித்த கொடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டி, அவற்றில் மட்டும் மூன்று வருஷமாக எடுத்துச் சேர்த்த விதை. ரஜிதா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"டின்ன குடுங்க!"

"சாமி காரியம் புள்ள. பேசாம இரு."

ரஜிதா சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள். "சரி சாமி, நானே தர்றேன். ஒரே ஒரு ஆசை. எங்க தோட்டத்துல வலது வரிசைய எழுப்புங்க. இடது வரிசைய மட்டும் எழும்பாதேன்னு சொல்லிருங்க."

"அது எதுக்கும்மா?"

"எழுப்பத் தெரிஞ்சவங்களுக்குப் படுக்க வைக்கிறது பெரிய வேலையா?"

கூட்டம் கைதட்டியது. சாமி மாட்டிக்கொண்டார். வலதுக்கு "எழும்பு!", இடதுக்கு "படு!" அன்றைக்குச் சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்து மணி. இரண்டு வரிசையும் நிமிர்ந்து நின்றன. இடது வரிசை கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்ந்தது போல எனக்குப் பட்டது.

"சொல்பேச்சு கேக்காத செடி" என்றார் சாமி.

"செடிக்கு ஏது சாமி காது?" என்றாள் ரஜிதா. "உச்சி வெயில்ல வேர் குடிக்கிற தண்ணி இலைக்குப் பத்தாது. அதான் இலையத் தொங்கவிட்டு வெயிலுக்கு ஒதுங்குது. வெயில் தாழ்ந்தா தானா எழும்பும். விடிஞ்சும் எழும்பலைன்னாதான் பயப்படணும்."

பக்கத்துத் தோட்டத்து நல்லையா சாமி வந்த த்ரீவீல் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து அலறினார். "அட, இது என் சம்சாரத்தோட சேலைத் துண்டு! நான் கட்டிக் குடுத்த விதை மூட்டை!" யாகத்தில் வெந்த விதையெல்லாம் பின்சீட்டில் பத்திரமாக இருந்தது. சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மணி கீழே கிடந்தது.

சசிக்குமார் டின்னை மனைவி கையில் கொடுத்தான். "வெக்கமா இருக்கு புள்ள."

பூசணிக் கொடிக்கு மூளை கிடையாது. வெயில் வந்தால் எப்படித் தப்புவது என்று அதற்குத் தெரிகிறது. மூளை உள்ள நாம்தான், யாரோ மணியடித்தால் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறோம். பொழுது சாய்ந்தாவது நிமிர வேண்டாமா?